நான்காவது எழுத்து

உங்கள் பான் அட்டையை எடுத்துப் பாருங்கள். எழுத்தும் எண்ணுமாகப் பத்து இடங்கள் இருக்கும். நான்காவது இடத்தில் 'பி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால், வருமான வரித் துறையின் கணக்கில் நீங்கள் ரத்தமும் சதையுமான மனிதர். பத்திரம் எழுதிக் கூட்டாக நடத்தும் தொழிலுக்கு அதே இடத்தில் 'எஃப்'. இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கு 'எச்'. அறக்கட்டளைக்கு 'டி'. பிரைவேட் லிமிடெட் என்றோ பப்ளிக் லிமிடெட் என்றோ பதிவான நிறுவனத்துக்கு 'சி'. தொழில் நன்றாக ஓடும்வரை இந்த எழுத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சிவகாசிப் பக்கம் தொழிற்கூடத்துக்கு 'ஆபீஸ்' என்று பெயர். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். அதை நடத்தும் வியாபாரத்துக்குக் கம்பெனி என்று பெயர். லைசென்ஸைத் தன் பெயரில் வாங்கி ஒற்றை ஆளாக நடத்தினாலும் கம்பெனிதான். மாமனும் மச்சானும் சேர்ந்து கூட்டாக நடத்தினாலும் கம்பெனிதான். முறைப்படி பதிவு செய்த பிரைவேட் லிமிடெட்டும் கம்பெனிதான். தொழில் நொடித்து வரி பாக்கி நிற்கும் நாளில்தான் அந்த நான்காவது எழுத்து என்ன என்று எல்லோரும் கேட்கத் தொடங்குகிறார்கள். 'பி' என்றால் வீடும் நிலமும் நகையும் கணக்கில் வரும். 'எஃப்' என்றால் பங்காளிகள் அத்தனை பேரின் சொத்தும் வரும். 'சி' என்றால்? "கம்பெனியை மூடியாச்சு, பேரையும் எடுத்தாச்சு, இனி யாரைப் போய்க் கேட்பாங்க?" என்று நம்புகிறவர்கள் நிறைய. அந்த நம்பிக்கையில் பாதி உண்மை. மீதிப் பாதி ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தக்கூடியது.

இந்த எழுத்துக் குழப்பத்தில் சிவகாசிக்கு ஒரு பழைய வரலாறே உண்டு. 'சிவகாசி மேட்ச் எக்ஸ்போர்ட்டிங் கம்பெனி' என்பது இந்திய வரிச் சட்டப் புத்தகங்களில் நிலைத்துவிட்ட ஒரு பெயர். தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் பங்கு வைத்திருந்தவர்கள், சரக்கை வெளியூர்களில் விற்பதற்காகத் தங்களுக்குள் ஒரு கூட்டுப் போட்டுக்கொண்டார்கள். பெயரில் கம்பெனி, உள்ளே பார்ட்னர்ஷிப். வருமான வரி அதிகாரி அதைப் பதிவு செய்ய மறுத்தார். கையெழுத்துப் போட்டது தனி மனிதர்கள் என்றாலும் உண்மையில் பின்னால் இருப்பவை அவரவர் தொழிற்சாலைகள்தானே என்பது துறையின் வாதம். ஒரு பார்ட்னர்ஷிப் இன்னொரு பார்ட்னர்ஷிப்பில் பங்காளி ஆக முடியாது, ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் அது தனி ஆளே இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1956இலேயே சொல்லியிருந்தது. இந்த வழக்கும் அங்கேதான் போய் நின்றது. 1964இல் சிவகாசிக்காரர்கள் வென்றார்கள். கையெழுத்திட்ட மனிதர்களே பங்காளிகள்; தங்கள் பங்கு லாபத்தை அவர்கள் வேறு யாருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் கூட்டு உண்மையானதே என்றது தீர்ப்பு.

பார்ட்னர்ஷிப் ஆள் இல்லை. ஆனால் பதிவு செய்த கம்பெனி ஆள். இந்த வேறுபாடு மனித குலம் செய்த பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

அதைப் புரிந்துகொள்ள லண்டன் வரை போக வேண்டும். ஒயிட்சேப்பல் பகுதியில் ஆரோன் சாலமன் என்ற தோல் பூட்ஸ் வியாபாரி இருந்தார். 1892இல் தன் தொழிலை ஒரு கம்பெனியாக மாற்றினார். மொத்தம் 20,007 பங்குகள். 20,001 பங்கு அவருக்கு. மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று. கம்பெனி வெகு சீக்கிரம் முங்கியது. கடன் கொடுத்தவர்கள், "கம்பெனி என்றால் என்ன, சாலமன்தானே கம்பெனி! அவரிடமிருந்து வாங்கித் தாருங்கள்" என்று நீதிமன்றம் போனார்கள். கீழ்நிலைகளில் அவர்களே வென்றார்கள். 1896 நவம்பரில் பிரபுக்கள் சபை ஒருமித்த குரலில் தீர்ப்பைத் திருப்பியது. சட்டப்படி பிறந்த கம்பெனி தனி ஆள். சாலமன் வேறு, சாலமன் கம்பெனி வேறு. கம்பெனியின் கடனுக்குச் சாலமன் தன் வீட்டை விற்க வேண்டியதில்லை என்று முடிவானது.

அன்று எழுந்த சுவர்தான் இன்றும் நிற்கிறது. போட்ட முதல் போனால் போகட்டும், குடியிருக்கும் வீடு மிஞ்சும் என்ற தைரியத்தைக் கொடுத்தது அந்தச் சுவர். அந்தத் தைரியம் இல்லாவிட்டால் முன்பின் தெரியாத பத்துப் பேர் பணம் போட்டு ஒரு தொழிற்சாலை கட்டுவது நடக்காது. இந்தியாவில் இந்த வரம்புக்குட்பட்ட பொறுப்பு 1857இலேயே சட்டமாகியது.

நமக்கு இந்த யோசனை அப்படியொன்றும் அந்நியமும் இல்லை. கோயில் நிலத்தின் பட்டா சாமி பெயரில் இருக்கிறது. சாமிக்குச் சொத்து உண்டு, சாமி வழக்குப் போடலாம், சாமி மேல் வழக்கும் போடலாம். சாமிக்காகக் கையெழுத்துப் போடுகிறவர் மட்டும் மனிதர். கல்கத்தாவில் ஒரு தெய்வத்துக்கு வந்த வருமானத்துக்கு வரி உண்டா என்ற வழக்கு 1969இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. தெய்வமும் வரி கட்ட வேண்டிய ஆள்தான், அதன் சார்பில் தர்மகர்த்தா கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. கம்பெனியும் அப்படித்தான். கையில்லாத, வாயில்லாத ஆள். அதன் கையும் வாயுமாக இருப்பவர்களுக்கு இயக்குநர்கள் என்று பெயர்.

இந்த ஆளுக்குப் பிறப்புச் சான்றிதழ் உண்டு. சிவகாசியிலிருந்து சாத்தூர் போகும் சாலையில் ஏதாவது ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் பெயர்ப் பலகையையோ லெட்டர்பேடையோ கவனித்தால் 21 இடங்கள் கொண்ட ஒரு நீண்ட அடையாள எண் தெரியும். அதன் நடுவே தமிழ்நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து, அதை ஒட்டிக் கம்பெனி பிறந்த ஆண்டு, அதற்குப் பின் அது பிரைவேட்டா பப்ளிக்கா என்று சொல்லும் மூன்றெழுத்து. பிறந்த ஊரும் ஆண்டும் நெற்றியில் எழுதிக்கொண்டு அலைகிற ஆள் அது.

பிறந்த ஆள் சாகவும் வேண்டும் அல்லவா? பாஞ்சாலங்குறிச்சிக் கதைகளில் வரும் 'கும்பினி'யும் ஒரு கம்பெனிதான். 1600இல் பிறந்து, கட்டபொம்மனிடம் வரி கேட்டு, 1874 ஜூன் 1இல் செத்தது. அது சாவதற்கு முன்பே, 1858ஆம் ஆண்டுச் சட்டம் அதன் கடனையும், அதன் பங்குதாரர்களுக்குத் தர வேண்டிய ஈவுத்தொகையையும் இந்தியாவின் வருவாய் மீது ஏற்றிவிட்டது. அந்தக் கம்பெனி வைத்துவிட்டுப் போன பாக்கியை நம் முப்பாட்டன்கள் கட்டினார்கள். ஆள் சாகும்போது பாக்கி எங்கே போகிறது என்பது ஏட்டுக் கேள்வி இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இன்று ஒரு சிறு கம்பெனி சாகும் வழி எளிமையானது. இரண்டு ஆண்டாகத் தொழில் நடக்கவில்லை, சொத்தும் இல்லை கடனும் இல்லை என்று கணக்குக் காட்டி, பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 248ஆம் பிரிவு அது. 2023 மே மாதத்திலிருந்து இந்த விண்ணப்பங்களைப் பார்ப்பதற்கென்றே அரியானாவின் மானேசரில் ஒரு மையம் வைத்திருக்கிறார்கள். விண்ணப்பிக்காமலே பதிவாளர் பெயரை நீக்குவதும் உண்டு. பணமதிப்பு நீக்கத்துக்கு அடுத்த ஆண்டு, 2017இல், ஆண்டறிக்கை தாக்கல் செய்யாத இரண்டே கால் லட்சம் கம்பெனிகளின் பெயரை அப்படி மொத்தமாக அடித்தார்கள். மூன்று லட்சம் இயக்குநர்கள் தகுதி இழந்தார்கள்.

பெயர் அடித்ததோடு கதை முடிந்தது என்று நினைப்பவர்கள், விண்ணப்பத்தோடு தாங்கள் கொடுத்த தாள்களில் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு இயக்குநரும் ஈட்டுறுதிப் பத்திரம் ஒன்றில் கையெழுத்திட்டு, நோட்டரி முத்திரை வாங்கிக் கொடுத்தால்தான் விண்ணப்பம் நகரும். ஆடிட்டர் அலுவலகத்தில் பத்துத் தாள்களுக்கு நடுவே பென்சிலால் பெருக்கல் குறி போட்டுத் தருவார்கள். குறி உள்ள இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம். அந்தத் தாள் சொல்வது இதுதான்: இதுவரை எங்கள் கவனத்துக்கு வராத கடனோ பாக்கியோ பிறகு தலைதூக்கினால், பெயர் நீக்கப்பட்ட பின்னும் அதை நாங்கள் தீர்க்கிறோம். சாலமனின் சுவரில் இயக்குநர் தன் கையாலேயே ஒரு வாசல் வைத்துக் கொடுக்கிறார்.

சட்டமும் தன் பங்குக்கு அதையே சொல்கிறது. அதே 248ஆம் பிரிவின் 7ஆம் உட்பிரிவின்படி, கம்பெனி கலைந்த பிறகும் இயக்குநர், மேலாளர், பங்குதாரர் ஆகியோருக்கு இருந்த பொறுப்பு, கம்பெனி கலையாமலே இருப்பது போலத் தொடரும். 250ஆம் பிரிவு இன்னும் விசித்திரமானது. பதிவுச் சான்றிதழ் ரத்தானதாகக் கருதப்படும், ஆனால் வர வேண்டிய பணத்தை வாங்கவும் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவும் மட்டும் அது ரத்தாகாது. செத்தவர் கடன் தீர்க்க மட்டும் கண் விழிப்பது போல.

ஜெய்ப்பூரில் நடந்த ஒரு வழக்கு இதற்கு உரைகல். கோபால் ஸ்ரீ ஸ்க்ரிப்ஸ் என்ற கம்பெனிக்கு எதிராக வருமான வரித் துறை மேல்முறையீடு செய்திருந்தது. அதற்குள் கம்பெனியின் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கிவிட்டது. ஆளே இல்லாதபோது வழக்கு எதற்கு என்று ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அது தவறு என்றது. பெயர் நீங்கினாலும் பொறுப்பு தொடரும் என்று கம்பெனிச் சட்டம் சொல்கிறது. தொழில் நின்றுபோனால் வரியை யாரிடம் வசூலிப்பது என்று வருமான வரிச் சட்டத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது. இரண்டையும் பார்க்காமல் வழக்கை முடித்துவிட முடியாது என்று சொல்லி மறுபடி விசாரிக்கத் திருப்பி அனுப்பியது.

இதுவும் போதாது என்றால் துறை இன்னொரு வழியில் போகும். தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டு, செத்த கம்பெனியையே எழுப்பும். மயிலாப்பூரில் சம்பந்தர் குடத்து எலும்பிலிருந்து பூம்பாவையை எழுப்பினார் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இங்கே ஓர் உத்தரவு அதைச் செய்கிறது. பாதிக்கப்பட்ட எவரும் மூன்று ஆண்டுக்குள் கேட்கலாம். கடன் கொடுத்தவர், தொழிலாளி, பங்குதாரர் ஆகியோருக்கு இருபது ஆண்டு வரை அவகாசம் உண்டு. எழுந்த கம்பெனி, இடையில் சாகவே இல்லை என்ற கணக்கில் நடக்கத் தொடங்கும்.

சரி, கம்பெனி உயிரோடு இருந்தாலும் செத்தாலும், அதனிடம் எதுவும் இல்லை என்றால் வரி யாரிடம் போகும்? 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 179ஆம் பிரிவுதான் இதன் மையம். 2026 ஏப்ரல் 1 முதலான புதிய வருமான வரிச் சட்டத்தில் இதற்கு எண் வேறு. பழைய ஆண்டுகளின் பாக்கிக்குப் பழைய சட்டமே பேசும். அதன் சாரம் ஒரே வாக்கியம்தான். ஒரு பிரைவேட் கம்பெனியின் வரியை அந்தக் கம்பெனியிடமிருந்து வசூலிக்க முடியாமல் போனால், அந்த வருமானம் வந்த ஆண்டில் எப்போதாவது இயக்குநராக இருந்த ஒவ்வொருவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் அந்த வரிக்குப் பொறுப்பு. வசூலாகாமல் போனதற்குத் தன் பெரும் அலட்சியமோ முறைகேடோ கடமை மீறலோ காரணம் இல்லை என்று அவர் நிரூபித்தால் மட்டுமே தப்பலாம். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 89ஆம் பிரிவும் ஏறக்குறைய இதையே சொல்கிறது.

இந்த வாக்கியத்தில் மூன்று இடங்களில் நின்று பார்க்க வேண்டும்.

முதலாவது, ஆண்டு. கம்பெனி செத்த ஆண்டை யாரும் கேட்பதில்லை. வருமானம் வந்த ஆண்டைத்தான் கேட்கிறார்கள். முங்கப் போகிறது என்று தெரிந்து கடைசி மாதத்தில் ராஜினாமா செய்தவருக்குப் பழைய ஆண்டின் வரி விட்டுப் போவதில்லை. எல்லாம் முடிந்தபின், சிக்கலைத் தீர்க்க வந்து சேர்ந்தவர் மேல் பழைய பாக்கி ஏறுவதும் இல்லை.

இரண்டாவது, கூட்டாகவும் தனித்தனியாகவும் என்ற சொற்றொடர். மூன்று இயக்குநர்கள், முப்பது லட்சம் பாக்கி என்று வையுங்கள். ஆளுக்குப் பத்து என்று மனம் கணக்குப் போடும். சட்டம் அப்படிப் போடாது. மூவரில் ஒருவருக்குத்தான் வீடு இருக்கிறது என்றால் முப்பதையும் அவரிடமே கேட்கலாம். மற்ற இருவரிடம் வாங்கிக்கொள்வது அவர் பாடு. பாக்கியும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. 2013க்குப் பிறகு வட்டியும் அபராதமும் 'வரி' என்ற சொல்லுக்குள்ளேயே வந்துவிட்டன. கேட்புக்குப் பின் கட்டாத வருமான வரிக்கு மாதம் ஒரு சதவீதம் வட்டி. பத்து லட்சம் நூறு மாதத்தில், அதாவது எட்டு ஆண்டு நான்கு மாதத்தில், இருபது லட்சமாகிவிடும்.

மூன்றாவது இடம்தான் இயக்குநருக்குக் கதவு. துறை நேராக அவர் வீட்டு வாசலுக்கு வந்துவிட முடியாது. கம்பெனியின் வங்கிக் கணக்கு, நிலம், கட்டடம், கம்பெனிக்குப் பணம் தர வேண்டியவர்கள் என்று எல்லாப் பக்கமும் தேடி, கிடைக்கவில்லை என்று காட்டிய பிறகே இயக்குநர் பக்கம் திரும்ப வேண்டும். குஜராத் உயர் நீதிமன்றம் 2012இல் ஒரு முக்கியமான கோட்டைக் கிழித்தது. கம்பெனியை மோசமாக நடத்தினார் என்று பொதுவாகச் சொல்வது போதாது, வரி வசூலாகாமல் போனதற்கும் அவருடைய அலட்சியத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்றது. வியாபாரத்தில் தோற்பது குற்றமாகாது என்ற நியாயம் அதற்குள் இருக்கிறது.

பட்டாசுத் தொழிலுக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி. 2018 அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடை செய்தது. அதைத் தொடர்ந்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அதுவரை சட்டப்படி செய்து குடோனில் அடுக்கிய சரக்கு ஒரே நாளில் விற்க முடியாத சரக்காயிற்று. அப்படி ஒரு அடியில் நொடித்த கம்பெனியின் இயக்குநர், "வசூலாகாததற்கு என் அலட்சியம் காரணம் இல்லை" என்று சொல்ல நியாயம் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல வாய் போதாது, தாள் வேண்டும். இயக்குநர் கூட்டத்தின் குறிப்பேடு, தவணை கேட்டுத் துறைக்கு எழுதிய கடிதம், வடக்கே எந்த வியாபாரி எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார் என்ற பட்டியல். அந்தப் பட்டியலைத் துறையிடம் கொடுத்தால், கம்பெனிக்கு வர வேண்டியதை அந்த வியாபாரிகளிடமிருந்தே நேரடியாக வாங்கத் துறைக்கு அதிகாரம் உண்டு. பட்டியல் கொடுத்தவர் அலட்சியமாக இருந்தார் என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது.

கடனுக்குச் சரக்குப் போகும் தொழில் இது. ஆடிப்பெருக்குக்குப் பூஜை போட்டு விற்பனை தொடங்கி, தீபாவளி முடிந்து பணம் திரும்புவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். ஜி.எஸ்.டி.யோ பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20ஆம் தேதியே கேட்கும். பட்டாசுக்கு 18 சதவீதம். கைக்கு வராத பணத்துக்கு வரி கட்டுகிற அந்த இடைவெளியில்தான் முதல் தவறு நடக்கிறது. வந்த பணத்தில் வரியை எடுத்துக் கூலிக்கும் மருந்துக்கும் அட்டைக்கும் போடுவார்கள், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று. நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த 18 சதவீதம் கம்பெனியின் பணமே இல்லை. வாங்கியவர் அரசுக்காகக் கொடுத்து வைத்த பணம்.

இதை விருதுநகருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வியாபாரத்தில் சிறு பங்கை மகமையாக ஒதுக்கி உறவின்முறைக்குக் கொடுத்த ஊர் அது. வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து நடத்திய சத்திரிய வித்தியாசாலையில் காமராசர் படித்தார். மகமைப் பணம் கல்லாவில் கிடந்தாலும் கடைக்காரர் பணம் ஆகாது என்பது அங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். உலகம் முழுக்க வரிச் சட்டங்கள் நிறுவனத் திரையைத் தாண்டி உள்ளே வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆஸ்திரேலியாவில் தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த வரியைக் கம்பெனி கட்டாவிட்டால் இயக்குநருக்கே 21 நாள் அவகாசத்தோடு ஓலை வரும். அமெரிக்காவில் பிடித்த வரியைக் கட்டாமல் விட்ட பொறுப்பாளர் மேல் அதே தொகை முழுதும் அபராதமாக விழும்.

சுவர் தொழிலின் நஷ்டத்துக்காகக் கட்டியது, ஒளிந்துகொள்வதற்காகக் கட்டவில்லை என்பதை நம் நீதிமன்றங்களும் வெகு காலம் முன்பே சொல்லிவிட்டன. பம்பாயில் சர் தின்ஷா மானக்ஜி பெட்டிட் என்ற பெரும் பணக்காரர் நான்கு பிரைவேட் கம்பெனிகளைத் தொடங்கித் தன் முதலீடுகளை அவற்றின் பெயருக்கு மாற்றினார். வந்த ஈவும் வட்டியும் கம்பெனிக்குள் போய், அவருக்கே 'கடன்' என்ற பெயரில் திரும்பி வந்தன. கடனுக்கு வரி இல்லையே! 1927இல் பம்பாய் உயர் நீதிமன்றம் திரையை விலக்கிப் பார்த்தது. உள்ளே பெட்டிட் மட்டுமே உட்கார்ந்திருந்தார். 179ஆம் பிரிவு பப்ளிக் லிமிடெட் கம்பெனிகளைத் தொடுவதில்லை என்றாலும், மோசடி என்று தெரிந்தால் அங்கேயும் நீதிமன்றம் இப்படித் திரையை விலக்கும்.

இயக்குநர் மேல் உத்தரவு வந்துவிட்டால் பிறகு நடப்பது சாதாரண வரி வசூல்தான். வங்கிக் கணக்கு முடக்கம், வீடு ஜப்தி, ஏலம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டம் எதையெல்லாம் ஜப்தி செய்யக் கூடாது என்கிறதோ, வரி வசூல் அலுவலரும் அதைத் தொடக் கூடாது. உடுத்தும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் செய்பவரின் கருவிகள், சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை. தாலியைச் சட்டம் விட்டுவைக்கிறது.

தாலி என்று எழுதும்போது எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் உறுத்துகிற இடம் வந்துவிடுகிறது. பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு இயக்குநர்கள் வேண்டும். கணவர் ஒருவர். இரண்டாவது யார்? பெரும்பாலும் மனைவி. இல்லாவிட்டால் தாய், மருமகள், சில இடங்களில் கணக்குப்பிள்ளை. ஆதார் நகலும் போட்டோவும் கொடுத்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, தான் ஒரு கம்பெனியின் இயக்குநர் என்பதே தெரியாமல் அடுப்படியில் நிற்கிற பெண்கள் இருக்கிறார்கள். 179ஆம் பிரிவுக்கு முதலாளியும் முதலாளியம்மாவும் ஒன்றுதான். 'நான் பெயருக்குத்தான் இருந்தேன், எந்த முடிவும் என்னிடம் வரவில்லை' என்று அவர் வாதாடலாம்; வெல்லவும் கூடும். ஆனால் நிரூபிக்கும் சுமை அவர் தலையில். கணவர் இறந்து, கம்பெனியும் போய், கணக்குப் புத்தகம் எங்கே என்றும் தெரியாத நிலையில் அவர் எதைக் கொண்டு நிரூபிப்பார்? ஒருவர் தன் பெயரில் ஒற்றை ஆளாகத் தொழில் நடத்தி இறந்தால், வாரிசுகள் அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் அவருடைய வரிக்குப் பொறுப்பு. அந்த வீட்டுப் பெண்ணை இயக்குநராகப் போட்டுவிட்டால் அந்த அளவுகோலும் போய்விடுகிறது. பாதுகாப்புக்காகக் கட்டிய சுவர் அவர் மேலேயே விழுகிறது. இது சரியில்லை. கையெழுத்துப் போடுகிறவருக்கு அது என்ன தாள் என்று அவர் மொழியில் படித்துச் சொல்லாமல் ஒருவரை இயக்குநர் ஆக்குவதைச் சட்டமே தடுக்க வேண்டும்.

கூட்டு வியாபாரத்திலும் இதே போன்ற ஒரு பொறி உண்டு. பங்காளி ஒருவர் விலகினால் ஒரு மாதத்துக்குள் ஜி.எஸ்.டி. ஆணையருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால், தெரிவிக்கும் நாள் வரை பொறுப்பு அவருடையதே. ஊருக்கெல்லாம் தெரியும், பத்திரமும் எழுதியாச்சு என்பது அங்கே செல்லாது.

இயக்குநராக இருப்பவர் விலக நினைத்தால் ராஜினாமாக் கடிதத்தைக் கம்பெனி வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி முப்பது நாளுக்குள் பதிவாளரிடம் தெரிவிக்க வேண்டும். அது செய்யுமா என்று சந்தேகம் இருந்தால், நீங்களே தனியாகத் தாக்கல் செய்ய 'டி.ஐ.ஆர்.-11' என்ற படிவம் இருக்கிறது.

இயக்குநராக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் எட்டு இலக்க அடையாள எண் ஒன்று இருக்கும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால், அவர் எந்தெந்தக் கம்பெனியில் எந்த நாளிலிருந்து இயக்குநர் என்று தெரிந்துவிடும். உங்கள் வீட்டில் தொழில் நடக்கிறது, எப்போதோ ஆடிட்டர் அனுப்பிய தாளில் கையெழுத்துப் போட்ட நினைவு இருக்கிறது என்றால், அம்மா, அக்கா, தங்கை யாராக இருந்தாலும் சரி, அந்த எண் தன் பெயரில் இருக்கிறதா என்று ஆடிட்டரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். இருந்தால், ஒவ்வொரு ஆண்டும் வரி கட்டிய ரசீதின் நகல் ஒன்று உங்கள் பீரோவிலும் இருக்கட்டும்.